ஈ, தா, கொடு: தொலைபேசியில் ஒரு மறுபரிசீலனை வேண்டுகோள்



இலக்கணப் பொழிவு என்று அறிவிக்கப்பட்டதை நம்பி வந்திருக்கிறீர்கள். இலக்கணந்தான் பேசப்போகிறோம். ஆனால், இன்றைய எடுத்துக்காட்டு ஏட்டுச் சுவடியிலிருந்து வரவில்லை. கடன் பற்று அட்டைக்கு யாம் செய்த விண்ணப்பம் மறுக்கப்பட, அதனை மீண்டும் ஆராயுமாறு ஒரு வங்கியைத் தொலைபேசியில் கேட்ட அனுபவத்திலிருந்து வருகிறது.

பணி ஓய்வு பெற்ற பின், எம் துணைவியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. பணியாற்றிய காலமெல்லாம் ரொக்கமே போதும் என்றிருந்த யாம், அப்பொழுதுதான் முதன்முறையாக அட்டைக்கு விண்ணப்பித்தோம். இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அக்கடிதத்தின் மொழியை முதலில் பார்ப்போம்.

'துக்காசித்தா டிமக்லும்கான்' என்று அது தொடங்கியது. மலாய் அலுவல் கடிதங்களில் நாம் அனைவரும் கண்டு பழகிய தொடர் இது. துக்கம், சித்தம் என்னும் வடசொற்கள் இணைந்து மலாயில் 'வருத்தம்' எனப் பொருள் தருகின்றன. 'டி' என்னும் முன்னொட்டு செயப்பாட்டு வினையைக் குறிக்கும். 'வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது' என்பதே பொருள். தெரிவிப்பவர் யார், வருந்துபவர் யார் என்பது கடிதத்தில் இல்லை. அடுத்து, 'விண்ணப்பம் வெற்றி பெறவில்லை' என்றிருந்தது. இங்கே எழுவாய் விண்ணப்பம். வங்கி மறுக்கவில்லை, விண்ணப்பந்தான் தோற்றுப்போயிற்று! காரணமாகச் சொல்லப்பட்டது, 'வங்கியின் உள் நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை' என்பது மட்டுமே.

எழுவாய் மறைந்த வாக்கியத்தோடு வாதிடுதல் கடினம். மக்கள் பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 'பிளாக்லிஸ்ட் பண்ணிட்டாங்க' என்று தமக்குத் தாமே ஓர் எழுவாயைக் கற்பித்துக்கொண்டு, வெட்கத்தால் வெளியில் சொல்லாமலும் இருந்துவிடுகிறார்கள். பேங்க் நெகாரா நடத்தும் 'சிசிரிஸ்' என்னும் கடன் தகவல் முறை கரும்பட்டியல் அன்று. நாம் பெற்ற கடன்களையும், கடந்த 12 மாதங்களில் அவற்றைத் திருப்பிச் செலுத்திய விதத்தையும் அது காட்டும். 'சிடோஸ்' போன்ற தனியார் நிறுவனங்கள் 300 முதல் 850 வரை மதிப்பெண் இடும். இரண்டுமே தகவல் தருவன. கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது வங்கி. முடிவு செய்தது மனிதர் அமைந்த ஓர் அலுவலகம் என்றால், அம்முடிவை மீண்டும் பார்க்கச் சொல்லவும் வழி உண்டு.

அக்கேட்டலை எப்படிச் செய்வது? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஒன்றை வேண்டிக் கேட்கும் சொற்களாக 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்றினைக் கூறுகிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது 'ஈ'. ஒத்தவனிடம் கேட்பது 'தா'. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பது 'கொடு'. இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. ஆனால், சொல் மறைந்தாலும் நிலை மறையவில்லை என்பதைத் தொலைபேசியைக் கையில் எடுத்த அன்றுதான் உணர்ந்தோம்.

முதல் அழைப்பில் யாம் நின்றது 'கொடு' என்னும் நிலையில். அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்த பணியாளரிடம், எமது முனைவர் பட்டத்தையும், பணியாற்றிய ஆண்டுகளையும், அதே வங்கியில் எத்தனை காலமாகச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம் என்பதையும் வரிசையாகச் சொன்னோம். குரலும் சற்று உயர்ந்துவிட்டது. அவர் பணிவுடன் கேட்டுக்கொண்டு, கடிதத்தில் இருந்த அதே தொடரை எமக்குத் திருப்பிச் சொன்னார். அழைப்பு முடிந்தது. பக்கத்து அறையிலிருந்த எம் துணைவியார், 'வகுப்பு முடிந்ததா?' என்று கேட்டார்.

அண்டை வீட்டு இளைஞர் ஒருவருக்கும் அதே மாதத்தில் மறுப்பு வந்தது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர். அவருக்கு இங்கே ஊழியர் சேமநிதிச் சந்தா இல்லை. சிங்கப்பூர் நிரந்தரவாசி அல்லர் என்பதால் அங்குள்ள மத்திய சேமநிதியும் இல்லை. நல்ல சம்பளம் இருந்தும், இங்குள்ள வங்கியின் கண்ணுக்கு அவர் வருமானம் புலப்படவில்லை. அவர் தொலைபேசியில், 'அக்கா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க, அம்மாவுக்கு உடம்புக்கு முடியல' என்று கெஞ்சினார். இது 'ஈ' என்னும் நிலை. மறுமுனையில் இருந்தவர் உண்மையாகவே இரக்கப்பட்டார். ஆயினும், இரக்கத்தைக் கோப்பில் எப்படிப் பதிவு செய்வது?

எம் அதட்டலும் அவர் கெஞ்சலும் ஒரே இடத்தில் தவறின. இருவருமே முன்னிலையை மட்டும் பார்த்துப் பேசினோம். தொலைபேசியில் நம்மோடு பேசுபவர் முன்னிலை; ஆனால் முடிவு செய்பவர் படர்க்கை. அவர் கடன் பிரிவில் இருக்கிறார். நம் குரல் அவரை எட்டாது. பேசுபவர் கணினியில் தட்டச்சு செய்யும் இரண்டு மூன்று வரிகளே எட்டும். ஆகவே, இது நேர்ப்பேச்சு அன்று, தூது. தூதாகச் செல்பவர் சுமக்கத்தக்க சொற்களை மட்டுமே நாம் தர வேண்டும். 'நான் நேர்மையானவன்' என்பதைச் சுமக்க இயலாது. 'ஓய்வூதியம் மாதந்தோறும் இக்கணக்கில் வரவாகிறது, சான்று இணைக்கப்படவில்லை, இப்போது அனுப்பப்படும்' என்பதைச் சுமக்கலாம்.

இவ்விடத்தில் தொல்காப்பியம் கூறும் இன்னொரு நுட்பம் நினைவுக்கு வந்தது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. அவ்வாறாயின் 'கொடு' என்று தனக்காகக் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? தன்னைப் பிறன்போல் வைத்துக் கூறும் குறிப்பினால் பொருந்தும் என்கிறது அந்நூல். இதனைப் பல ஆண்டுகள் மாணாக்கர்க்குக் கற்பித்தோம்; அதன் பயனை ஒரு வங்கி அழைப்பில் கற்றோம். தன்னைப் பிறன்போல் வைத்துக்கொண்டால் அவமான உணர்வும் தணிகிறது, ஆணவமும் தணிகிறது. 'விண்ணப்பதாரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கோப்பில் ஒரு தாள் குறைகிறது' என்று பேச முடிகிறது.

இரண்டாம் முறை அழைக்குமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொண்டோம். விண்ணப்ப எண்ணும் நாளும். மறுப்புக்குக் காரணமான குறை எது என்னும் வினா. அக்குறையை நீக்க எம்மிடம் உள்ள சான்று. அதனை எங்கே, எந்த நாளுக்குள் அனுப்புவது என்னும் வினா. மறுமுனையில் ஒரு பெண் பேசினார். மலாயில் தொடங்கினோம். 'ராயுவான்', அதாவது மேல்முறையீடு செய்ய விரும்புகிறோம் என்றோம். அச்சொல் மன்றாடுதலைக் குறிக்கும் 'ராயு' என்னும் வினையிலிருந்து வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயரிலும் அதுவே உள்ளது. தமிழின் 'முறையீடு' என்னும் சொல்லிலோ 'முறை' இருக்கிறது. முறை என்பது நீதி. மலாயில் பேசினாலும் மனத்தில் தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டோம்.

அவர் கோப்பைப் பார்த்தார். சற்று நேரம் அமைதி. பின்னர்த் தமிழில், 'ஐயா, பென்ஷன் லெட்டர் இருக்குங்களா? சம்பளச் சிலிப்னு போட்ட இடம் காலியா இருக்கு' என்றார். படிவத்தில் ஓய்வூதியர்க்கெனத் தனிக் கட்டம் இல்லை. யாமும் ஒன்றும் இணைக்காமல் விட்டிருந்தோம். அட்டைக்குரிய குறைந்த அளவு ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட். எம் ஓய்வூதியம் அதற்கு மேற்பட்டதே. ஆனால், காட்டப்படாத வருமானம் வங்கிக்கு இல்லாத வருமானம். சான்றினை அனுப்பினோம். கேட்டதைவிடக் குறைந்த வரம்புடன் அட்டை வந்தது. அண்டை வீட்டு இளைஞரையும் எம் மேசையில் அமர்த்தித் தாள் எழுதச் செய்தோம். சிங்கப்பூர்ச் சம்பளச் சீட்டுகள், வேலை அனுமதி, சம்பளம் வரவாகும் வங்கிக் கணக்கறிக்கை, வருமான வரி அறிவிப்பு ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்தினார். அவருக்கு மீண்டும் மறுப்பே வந்தது. ஆனால் இம்முறை காரணம் தெரிந்தது: கைவசம் இருந்த மோட்டார் சைக்கிள் கடனில் இரண்டு தவணைகள் தாமதம். 'இதையாவது சொன்னாங்களே, மாமா' என்றார். அந்தத் தாமதத்தைச் சரிசெய்வது அவர் கையில் இருந்தது.

மேல்முறையீடு எப்போதும் வெல்லும் என்று யாம் சொல்லவில்லை. வெல்லக்கூடாத நேரங்களும் உண்டு. அட்டைக் கடனின் வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. மாதந்தோறும் 5 விழுக்காட்டுக் குறைந்த அளவுத் தொகையை மட்டும் செலுத்தி வந்தால் கடன் நீளும். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்னும் விதி 2011இல் வந்ததும் இதனால்தான். கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிப்பவர் இன்னோர் அட்டைக்காக மன்றாட வேண்டா; பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மற்றொன்று: மறுபரிசீலனை செய்கிறோம் என்று தாமாக அழைப்பவரிடம் ஒரு விவரமும் சொல்லற்க. வங்கியின் அதிகாரத்துவ எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும்.

இறுதியாக, இங்குள்ள தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளில் விண்ணப்பக் கடிதம் கற்பிக்கிறோம். விடுப்புக் கடிதம் கற்பிக்கிறோம். மறுக்கப்பட்ட பின் எப்படிப் பேசுவது என்பதைக் கற்பிப்பதில்லை. நம் பிள்ளைகள் வங்கியிடமும், உதவிச் சம்பளம் வழங்குவோரிடமும், மருத்துவமனையிடமும் பேசப்போவது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். ஆயினும் கெஞ்சாமலும் அதட்டாமலும் ஒத்தவராய் நின்று 'தா' என்று கேட்கும் நிலையைத் தாய்மொழியில் பழகிவிட்டால், எம்மொழியிலும் அது துணைநிற்கும். வாய்மொழிப் பயிற்சியில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். இரு மாணவரை முதுகோடு முதுகாக அமர்த்தி, ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாவண்ணம் பேசச் செய்யுங்கள். கேட்டவர் எழுதிய இரண்டு வரிகளை மூன்றாம் மாணவரிடம் கொடுத்து முடிவு சொல்லச் சொல்லுங்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் அப்பொழுது அவர்களுக்கு வாழ்வாகவே விளங்கும்.