காஞ்சியின் நூலைக் காத்தவர்கள்

கோவில்பதாகை ஏரிக்கரையில் மாலை வேளைகளில் என்னோடு உலாவ வரும் கல்லூரி மாணவர்களிடம் திபெத்தைப் பற்றிக் கேட்டால், பனிமலை என்பார்கள், தலாய் லாமா என்பார்கள், ஆவடியில் தின்ற மோமோவையும் மறவாமல் சொல்வார்கள். அதற்குமேல் அவர்கள் அறியாதது அவர்கள் குற்றமன்று, சொல்லித் தராத நம் குற்றமே.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரு முற்பகலில் எட்டிவிடும் காஞ்சியின் அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு போற்றும் பௌத்த தர்க்க மேதை திக்நாகர், சம்ஸ்கிருதத்தில் இயற்றிய ‘பிரமாண சமுச்சயம்’ இந்த மண்ணில் மறைந்த பின்னும், திபெத்திய மொழிபெயர்ப்பிலே பல நூற்றாண்டுகள் ஜீவித்திருந்தது.

அத்தகைய நூற்கட்டு ஒன்றை மைசூருக்கு மேற்கே பைலகுப்பே திபெத்திய மடாலயத்தில் ஒரு பிக்ஷு எனக்குப் பிரித்துக் காட்டினார். துணியை அவிழ்த்ததும் இரண்டு மரப்பலகைகள். நடுவே தைக்கப்படாத, நீண்டு குறுகிய தாள்கள். பனை விளையாத நாட்டில் காகிதத்தையும் ஓலைச்சுவடியின் வடிவத்திலேயே நறுக்கி வைத்த அந்தப் பக்தியைக் கண்டு என் நெஞ்சம் நெகிழ்ந்தது.

திபெத்தியர் இங்கே வந்த கதை இது. 1959 மார்ச் 17 இரவு திபெத்தியத் தலைநகர் லாசாவை விட்டு நீங்கிய தலாய் லாமா, அம்மாத இறுதியில் நம் எல்லையை அடைந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர்களுக்கு அன்றைய மைசூர் அரசு பைலகுப்பேயில் அளித்த ஏறத்தாழ 3000 ஏக்கர் நிலத்தை அவர்கள் காடு திருத்திக் கழனியாக்கினர். அத்தகைய குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் நம் சென்னைக் கல்லூரிகளுக்கும் படிக்க வருகிறார்கள். லயோலாவில் பட்டம் பெற்ற கவிஞர் தென்சின் சுண்டு, பெற்றோர் நாட்டைக் காணும் தாபத்தால் கால்நடையாக எல்லையைத் தாண்டிப் பிடிபட்டு, மூன்று மாதம் சிறையிருந்து மீண்டவர். இங்கேயே பிறந்த அவர் போன்ற பலருக்கும், அந்நியர் எனக் குறிக்கும் ஒரு பதிவுச் சான்றே அடையாளம். அதைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பிறந்த ஊரில் அந்நியராய்ப் பதிவு பெறுவதன் வேதனையை நம் பிள்ளைகள் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. திபெத்திய மாணவர் ஒருவரை உங்கள் வகுப்புக்கு அழைத்து, அவர்கள் நெடுங்கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். க, ங, ச, ஞ என்று நாம் ஓதும் வர்க்க முறையிலேயே அவர்களுடைய எழுத்துகளும் அணிவகுக்கின்றன. நடுவே அவர்களுக்குரிய சில ஒலிகள் வரும்போதும், நம் ட, ண வராதபோதும் நம் குழந்தைகள் சற்றே நின்று, மீண்டும் த, ந, ப, ம என்று அவரோடு சேர்ந்துகொள்வார்கள்.