மணலும் மின்கம்பமும்

பாலைவனத்தின் ஊடே காரில் போகிறவர்கள் எடுத்துவரும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணல், வானம், தொலைவில் ஒரு மலைத்தொடர். மின்கம்பமோ கம்பி வேலியோ, தாங்கள் வந்த சாலையோ படத்துக்குள் நுழைந்துவிடாதபடி கவனமாக ஒதுக்கி எடுத்திருப்பார்கள். மனிதன் வைத்த பொருள் எதுவும் தெரியாமல் இருந்தால்தான் பாலைவனம் அழகு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எடுக்கப்பட்ட சில படங்களை வைத்து அதற்கான காரணத்தைச் சொல்கிறேன். வானொலியில் படத்தைக் காட்ட முடியாது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் படம் 1867இல் எடுத்தது. இடம், நெவாடா மாநிலத்தின் கார்சன் பாலைவனம். எடுத்தவர் திமோதி ஓ'சல்லிவன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் கிடந்த உடல்களைப் படம்பிடித்தவர் அவர். போர் முடிந்தபின் கிளாரன்ஸ் கிங் தலைமையிலான நில ஆய்வுக் குழுவோடு மேற்கே போனார். படத்தில் வெளுத்த மணற்குன்றுகள். நடுவே நான்கு கோவேறு கழுதைகள் பூட்டிய ஒரு வண்டி. வண்டியிலிருந்து நம்மை நோக்கி மணலில் காலடித் தடங்கள் வருகின்றன. அவை வந்து நிற்கிற இடத்தில்தான் கேமரா இருக்கிறது.

அந்த வண்டி அவருடைய இருட்டறை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, ஈரம் உலர்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். பாலைவன வெயிலில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். ஆகவே இருட்டறையும் கூடவே வந்தாக வேண்டும். ஓ'சல்லிவன் நினைத்திருந்தால் கேமராவை மறுபக்கம் திருப்பி, தடமே இல்லாத மணலை எடுத்திருக்கலாம். இந்தப் படத்தில் அவர் வண்டியையும் தடத்தையும் வைத்துக்கொண்டார். மணற்குன்று எத்தனை பெரிது என்பது வண்டி இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. அந்த மணலில் கால் புதைய நடந்த உழைப்பும் தெரிகிறது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, ஒரே வெள்ளை. அந்தத் தகடுகளுக்கு நீல நிறமும் வெள்ளையும் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான வானம் ஆன்சல் ஆடம்ஸுடையது. 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை, நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைத் தாண்டிக் காரில் போய்க்கொண்டிருந்தார். கிழக்கே நிலா எழும்பியிருந்தது. மேற்கே விழப்போகும் சூரியனின் கடைசி ஒளி அவ்வூர்க் கல்லறைச் சிலுவைகளின் மேல் பட்டது. காரைச் சாலையோரம் நிறுத்திப் பெரிய கேமராவைப் பூட்டினால் ஒளிமானியைக் காணோம். நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது. பிற்காலத்தில் அச்சிட்ட பிரதிகளில் வானத்தை ஏறக்குறையக் கறுப்பாகவே ஆக்கினார்.

ஆடம்ஸ் என்றாலே மனிதச் சுவடு இல்லாத இயற்கை என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் படத்தில் உயிர் எங்கே இருக்கிறது? அந்த வெள்ளைச் சிலுவைகளிலும் தாழ்ந்த மண்வீடுகளிலும்தான். அவற்றை நீக்கிப் பாருங்கள், மிஞ்சுவது திறமையாக அச்சிட்ட ஒரு நிலா மட்டும்.

சாலையையே படத்தின் நடுவில் கொண்டுவந்தவர் ராபர்ட் ஃபிராங்க். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1955இல் கிடைத்த ஒரு நல்கையைக் கொண்டு பழைய ஃபோர்டு காரில் அமெரிக்காவைச் சுற்றினார். நியூ மெக்சிகோவின் 285ஆம் நெடுஞ்சாலையை அவர் எடுத்த படத்தில் கறுத்த தார்ச்சாலை தொடுவானம் வரை நேராக ஓடுகிறது. தொலைவில் ஒரு கார் வருகிறது. அவ்வளவுதான். அந்த ஒற்றைக் காரால் அந்த வெளியின் தனிமை எனக்கு உறைத்த அளவு எந்த மணல் படத்திலும் உறைத்ததில்லை.

1963இல் எட் ருஷே என்ற கலைஞர் ஒரு சிறு புத்தகம் போட்டார். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஓக்லஹோமா வரை 66ஆம் சாலையில் இருந்த பெட்ரோல் பங்குகள், மொத்தம் 26 படங்கள். விளக்கவுரை கிடையாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் புத்தகத்தை ஏற்க மறுத்தது. இன்று அது ஒரு முன்னோடி நூல். பாலைவனத்தில் வண்டி ஓட்டியவருக்குப் பெட்ரோல் பங்க் என்றால் என்னவென்று தெரியும்: அடுத்த பங்க் எத்தனை தொலைவு என்பதுதான் அந்த நிலத்தின் அளவு. அதை ருஷே கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன்.

பாலைவனத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. உச்சிவெயிலில் நிழல் கிடையாது. நிழல் இல்லாவிட்டால் மணலுக்கு மேடுபள்ளம் தெரியாது. விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு கூழாங்கல்லுக்குக்கூட நீண்ட நிழல் விழும். வெயில் ஏறியபின் தொலைநோக்கு லென்ஸால் தூரத்து மலையை இழுத்து எடுக்க நினைத்தால் கானல் அலையடித்துப் படம் கலங்கிவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் நடுவில் இருக்கும் சூடான காற்றை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்: துருப்பிடித்த பெயர்ப்பலகை, மூடிக்கிடக்கும் விடுதி, வேலியில் சிக்கிக் காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை. எல்லாவற்றுக்கும் முதலில் காரை விட்டு இறங்குங்கள். ஓடும் காரின் கண்ணாடி வழியாக எடுப்பதில் பத்துக்கு ஒன்பது பாழ்.

ஓ'சல்லிவன் வண்டி ஓட்டிய அதே கார்சன் வட்டாரத்துக்கு 1980களில் ரிச்சர்ட் மிஸ்ராக் போனார். 1979 முதல் பாலைவனத்தையே தொடர்ந்து எடுத்துவந்தவர். அங்கே பிராவோ 20 என்ற, கடற்படை விமானங்கள் குண்டு போட்டுப் பழகும் நிலம் இருக்கிறது. பெரிய கேமராவில், வண்ணத்தில் எடுத்தார். குண்டு விழுந்த குழிகளில் செந்நிற நீர் தேங்கி நிற்கிறது. சுற்றிலும் நொறுங்கிய வாகனங்கள். மேலே துல்லியமான, மிக அழகான வானம். இத்தனை அழகாக எடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எடுக்கலாம் என்பேன். அழகு நம்மை நிறுத்திவைப்பதால்தான் குழியைப் பார்க்கிறோம். மிஸ்ராக் அத்தோடு விடவில்லை. 1990இல் வெளியிட்ட நூலில், குழிகளையும் குண்டுச் சிதறல்களையும் அப்படியே வைத்து அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று வரைபடத்தோடு முன்மொழிந்தார். அரசு அதை ஏற்கவில்லை. பிராவோ 20 இன்றும் கடற்படையின் பயிற்சிக் களமாகவே இருக்கிறது.