மெழுகுவர்த்திக்கும் தடை போட்ட யுத்தம்

(கோபிசெட்டிபாளையத்தில் கிறிஸ்துமஸை ஒட்டி நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பண்டிகை என்றால் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகள் வயிறார உண்ண வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்பார்கள். யுத்த காலத்தில் அந்த நத்தார் என்ன கதியில் நடந்தது என்பதை நாம் அறிய வேண்டும். அந்த யுத்தத்தில் வீடிழந்து வந்த மக்கள் நமக்குப் பக்கத்தில், பவானிசாகர் முகாமிலேயே வாழ்கிறார்கள்.

1990-ல் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. இலங்கை சர்க்கார் பொருளாதாரத் தடை போட்டது. பாட்டரிக்குத் தடை, சோப்புக்குத் தடை, மெழுகுவர்த்திக்கும் தடை! மெழுகுவர்த்தியை வைத்து எந்தக் கோட்டையைப் பிடிக்க முடியும்? மாதா கோயிலில் ஏற்றக்கூட அது கிடைக்கவில்லை.

ஜனங்கள் சோர்ந்துவிடவில்லை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு விளக்கேற்றினார்கள். பனம்பழத்தின் களியால் துணி வெளுத்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். அந்த வெளிச்சத்தில்தான் பாலன் பிறப்பைக் கொண்டாடினார்கள்.

தோழர்களே, இந்தக் கஷ்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சர்க்கார் தடை போட்டது. புலிகள் வரி போட்டார்கள். வியாபாரி விலையை ஏற்றினான். மூன்று அடியும் உழைப்பவன் முதுகில்தான் விழுந்தது!

1995 ஜூலை 9-ந் தேதி நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அக்டோபர் 30-ந் தேதி இரவு லட்சக்கணக்கானோர் யாழ்ப்பாணத்தை விட்டுக் கால்நடையாக வெளியேறினார்கள். அந்த ஆண்டு நத்தார் பலருக்கு அகதியாகவே விடிந்தது.

யுத்தத்தை விரும்புவது யார்? 1914 டிசம்பரில், ஐரோப்பியப் போர்முனையில், எதிரெதிர்ப் பதுங்குகுழிகளிலிருந்த பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கைகுலுக்கினார்கள். நம் நாட்டுக் கார்வால் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். கலங்கியது யார்? மேலதிகாரிகள்! இனி இப்படி நடக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஏழையும் ஏழையும் கைகுலுக்கினால் யுத்தம் நடக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இலங்கையிலும் 2001 டிசம்பர் 24 நள்ளிரவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2002 பிப்ரவரியில் ஒப்பந்தமும் ஆயிற்று. ஆனால் 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையின்போது மட்டக்களப்பு தேவாலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மீண்டும் யுத்தம் மூண்டு, 2009 மே மாதம் ரத்த வெள்ளத்தில் முடிந்தது.

யுத்தம் முடிந்தது, அகதி வாழ்வு முடிந்ததா? 2021-ல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாற்றம் நல்லதுதான். ஆனால் 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

"முகாம் ஆட்கள் நம் வேலைக்குப் போட்டியாக வருகிறார்களே" என்று சிலர் முணுமுணுக்கலாம். உரிமையில்லாத தொழிலாளி கூலி பேச முடியாது. அவனுக்குக் குறைத்துக் கொடுக்கும் முதலாளி நாளை உனக்கும் குறைப்பான். ஆகவே அவனைத் தள்ளி வைப்பது மில்லிலும் தோட்டத்திலும் நம் கூலியை நாமே வெட்டிக்கொள்வதாகும்.

முகாம் மக்களைச் சங்கத்தில் சேருங்கள். சம வேலைக்குச் சம கூலி கேளுங்கள். விரும்புவோருக்குக் குடியுரிமை கொடு என்று அவர்களோடு சேர்ந்து முழங்குங்கள். ஜாம் போத்தல் விளக்கில் பண்டிகை கொண்டாடிய மக்களுக்கு நாம் அனுதாபம் காட்டினால் போதாது. தோள் கொடுக்க வேண்டும்!