தலைப்புண்ணும் தலைகுனிவும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரை)



கல்வியரங்கில் பேச வந்த தலைமையாசிரியர் உதவித்தொகையைப் பற்றியோ, கல்லூரிப் படிப்பைப் பற்றியோ, போட்டித் தேர்வுகளைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ குழந்தைகளின் தலையில் வரும் பேன், சிரங்கு, படர்தாமரை ஆகியவை. கேட்டவுடன் சிலருக்கு நகைப்புத் தோன்றக்கூடும். ஆயினும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அடிக்கடி பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் குழந்தை கல்லூரி வாயிலை எவ்வாறு காணும்? வருகைப் பதிவேட்டில் விழும் வெற்றிடங்களுக்குக் காரணம் தேடி வீடு வீடாகச் சென்றவன் நான். அக்காரணங்களுள் தலைநோயும் ஒன்று. நோயின் வேதனை பாதி. அதனால் நேரும் அவமானம் மற்றொரு பாதி.

தலையும் அவமானமும் நம் சமுதாய வரலாற்றில் பிணைந்தே வந்திருக்கின்றன. அண்ணல் அம்பேத்கர் சத்தாராவில் கழிந்த தம் இளமைக் காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வூரில் முடிதிருத்துவோர் இருந்தனர்; கூலி கொடுக்கக் குடும்பத்திற்கு வசதியும் இருந்தது. எனினும் தீண்டத்தகாத சிறுவனின் தலையைத் தொட எவரும் இசையவில்லை. ஆதலின் அவருடைய தமக்கையாரே அவருக்கு முடி வெட்டினார். பள்ளியிலோ ஒரு சாக்குத்துண்டின் மேல் அவர் தனியே மூலையில் அமர வேண்டியிருந்தது. இன்று அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் "இந்தப் பிள்ளையின் தலையில் பேன், தள்ளி உட்கார வை" என்ற சொல் எழும்போது அந்தப் பழைய சாக்குத்துண்டு மீண்டும் விரிக்கப்படுகிறது. சாதியின் பெயரால் சொல்ல இயலாததைச் சிலர் சுத்தத்தின் பெயரால் சொல்லுகின்றனர்.

நான் முன்னர்ப் பணியாற்றிய ஊரொன்றில் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி 11 நாள் தொடர்ந்து வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். "தலையெல்லாம் புண்ணுங்க ஐயா. பக்கத்துல யாரும் உக்கார விடலைன்னு புள்ள அழுவுது. ஆறினதும் அனுப்புறேன்" என்றார் தாய். "மருந்து போடாமல் அது ஆறாதம்மா. இப்பொழுதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம், வாருங்கள்" என்றேன். மருத்துவர் பேனுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் குழந்தை வகுப்பில் இருந்தது. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது 11 நாளாக நீண்டது நோயின் கொடுமையால் அன்று; வெட்கத்தால்.

ஆகவே, குழந்தைகளின் தலையில் எவை எவை வருகின்றன, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அறிந்தவனை அவமானப்படுத்துவது எளிதன்று.

முதலாவது, பச்சிளங்குழந்தைகளின் உச்சந்தலையில் படியும் மஞ்சள் நிறப் பொருக்கு. பிறந்த சில வாரங்களில் எண்ணெய்ப் பிசுக்குடன் இது தோன்றும். இது அழுக்கும் அன்று; தாயின் கவனக்குறைவும் அன்று; ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. சிறிது எண்ணெய் தடவி ஊறவைத்து, மென்மையான துணியாலோ தூரிகையாலோ மெல்லத் தேய்த்துக் கழுவினால் போதும். நகத்தால் பெயர்த்தெடுக்கக் கூடாது. பெரும்பாலும் ஓராண்டு நிறைவதற்குள் தானே மறைந்துவிடும். நீர் வடிந்தாலோ, சிவந்து முகத்திற்கும் உடலுக்கும் பரவினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, பேன். பேன் பறப்பதில்லை, குதிப்பதில்லை. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்கிறது. ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் குழந்தைகளிடம் எளிதாகப் பரவுகிறது. நாள்தோறும் தலை குளிக்கும் பணக்கார வீட்டுக் குழந்தையின் சுத்தமான கூந்தலிலும் பேன் நன்றாகவே வாழும். ஆகையால் பேன் இருப்பது அழுக்கின் அடையாளமன்று; சாதியின் அடையாளமும் அன்று. தலையை விட்டு நீங்கிய பேன் ஓரிரு நாட்களில் இறந்துபோகும். ஈர் பொரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். இந்தக் கணக்கை அறிந்தால் மருத்துவம் விளங்கிவிடும். ஒருநாள் மருந்திட்டுப் பேனைக் கொன்றாலும் ஈரில் இருப்பவை பின்னர்ப் பொரிந்து வெளிவரும். எனவே 1 சதவீத பெர்மெத்ரின் மருந்தைக் கழுவித் துவட்டிய தலையில் தடவி, 10 நிமிடம் கழித்து அலசிவிட்டு, 7 முதல் 10 நாளுக்குள் மறுமுறையும் தடவ வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தும் கூடாது.

மருந்து வாங்க இயலாதவர்க்கும் வழியுண்டு. தலைமயிரை நனைத்தோ எண்ணெய் தடவியோ பகுதி பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை பேன் சீப்பால் வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். இதில் பொறுமையே மருந்து. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். ஒருவரை விட்டால் எல்லோருக்கும் திரும்ப வரும். மண்ணெண்ணெயும், வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தும் குழந்தையின் தலையில் படவே கூடாது. மண்ணெண்ணெயால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பூச்சி மருந்து தோல்வழியே உடலுக்குள் சென்று உயிரையே வாங்கக்கூடும்.

மூன்றாவது, சிரங்கும் வேனற்கட்டியும். பேன் கடித்த இடத்தைச் சொறிவதால் தோல் கிழிந்து, கிருமி புகுந்து, சீழ் வைத்துப் பொருக்குத் தட்டுகிறது. பிடரியிலும் காதின் பின்புறத்திலும் நெறி கட்டுவது இதன் அறிகுறி. வெந்நீராலும் சோப்பாலும் மெல்லக் கழுவிப் பொருக்கை நீக்கி, மருத்துவர் தரும் மருந்தை அவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். கட்டியைப் பிதுக்குவதும் சுண்ணாம்பு அப்புவதும் கேடு. தாய்மார்கள் ஒன்றை மறவாமல் நினைவில் கொள்ள வேண்டும். சிரங்கை உண்டாக்கும் கிருமிகளுள் ஒருவகையால் சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் வீங்குவதுண்டு. காலையில் குழந்தையின் முகமும் கண்ணிமையும் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் சென்றாலோ, புண் ஆறிவிட்டதே என்று இராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்காவது, தலையில் வரும் படர்தாமரை. இதனை நம் மக்கள் பெரும்பாலும் புழுவெட்டு என்றே அழைக்கின்றனர். இரண்டும் வேறு. வழவழப்பாக, செதிலின்றி, வட்டமாக முடி உதிர்ந்திருப்பது புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, தொற்றும் இல்லை. செதில் உதிர்ந்து, முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் அது படர்தாமரை. இது ஒருவகைப் பூஞ்சையால் வருவது. சீப்பு, துண்டு, தொப்பி, சவரக்கத்தி ஆகியவற்றின் வழியாகவும், சில வேளை பூனை நாய்களிடமிருந்தும் தொற்றும். பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருப்பதால் மேலே தடவும் களிம்பு மட்டும் அதனைக் கொல்லாது. உள்ளுக்கு மாத்திரை உட்கொள்ள வேண்டும். மருத்துவர் கிரைசியோபுல்வின் கொடுத்தால் அதனைப் பாலோடோ முட்டையோடோ உண்பது நல்லது. ஆறு முதல் எட்டு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதே என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் குணமானதுபோல் காட்டிப் பின்னர் நோயைப் பரப்பிவிடும். அத்தகைய மேற்பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் நடுவணரசு விதி செய்தது.

இந்த மாத்திரை வருவதற்கு முன்னர் உலகெங்கும் படர்தாமரைக்கு எக்ஸ் கதிரைத் தலையில் செலுத்தி முடியை உதிரச் செய்தனர். இஸ்ரேல் நாட்டில் 1948 முதல் 1960 வரை, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் குடியேறிய ஏழைகளின் குழந்தைகள் பல்லாயிரவர்க்கு இவ்வாறு செய்யப்பட்டது. பின்னாளில் அவர்களுள் பலருக்கு மூளையிலும் கழுத்துச் சுரப்பியிலும் கட்டிகள் தோன்றின. 1994-இல் அவர்களுக்கு இழப்பீடு வழங்க அந்நாடு சட்டம் இயற்றியது. நோயைவிட நோயாளிக் கூட்டத்தைக் கண்டு அஞ்சி அவசரப்படும்போது நேரும் தீங்கு இது. உலகின் எந்தப் பகுதியாயினும் அவசர மருத்துவத்திற்கு ஏழையின் தலையே முதலில் கிடைக்கிறது.

நம் ஊர்களில் அந்த அவசரம் மொட்டையடிப்பதாக வெளிப்படுகிறது. வேண்டுதலுக்காகக் குடும்பத்தார் விரும்பி முடி இறக்குவது வேறு. பேன் என்றும் புண் என்றும் சொல்லிச் சிறுமியின் தலையை மழிப்பது வேறு. படர்தாமரையை மழித்துத் தீர்க்க முடியாது. ஒரே கத்தியால் பலருக்கு மழித்தால் அது பரவும். பேனுக்கோ மழிப்பது தேவையே இல்லை. பள்ளியில் குழந்தையை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தடுக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது கட்டாயமாகத் தலையை மழிப்பது வன்கொடுமையாக அதில் எழுதப்பட்டது. சட்டத்தை நாம் சண்டைக்காகப் படிக்க வேண்டியதில்லை. அச்சமின்றிப் பேசுவதற்காகப் படிக்க வேண்டும்.

பேனோ ஈரோ இருப்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்பதே இக்கால மருத்துவ அறிஞர்களின் கருத்து. படர்தாமரை உள்ள குழந்தையும் மாத்திரை தொடங்கிவிட்டால் பள்ளிக்கு வரலாம். சிரங்குக்கு மருந்து தொடங்கி ஒருநாள் கழிந்து, புண்ணை மூடிக்கொண்டு வரலாம். ஆதலின் பெற்றோர் குழந்தையை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டாம். ஆசிரியர் தனியே உட்காரச் சொன்னால் மருந்துச் சீட்டைக் காட்டிப் பணிவோடும் உறுதியோடும் பேசுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்குச் சில பணிகளைச் சொல்ல விரும்புகிறேன். நம் இரவுப் பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிச் சீப்பு இருக்கச் செய்யுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பெண்கள் கூடி எல்லா வீட்டுக் குழந்தைகளின் தலையையும் பார்க்கட்டும். ஒரு வீட்டுக் குழந்தையை மட்டும் அழைத்துப் பார்ப்பதைவிட எல்லோரையும் பார்ப்பதே பண்பு. பலனும் அதில்தான் உண்டு. கூலி வேலைக்குச் செல்லும் தாய் ஒருநாள் ஊதியத்தை இழந்தே மருத்துவமனைக்குச் செல்ல முடிகிறது. அந்தக் குழந்தையை, தாயின் ஒப்புதலோடும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் துணையோடும் அழைத்துச் செல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்கலாம். 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. தோல் நோய்களும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றுள் அடங்கும். அக்குழு வரும் நாளைப் பள்ளியில் கேட்டறிந்து, அன்று எந்தக் குழந்தையும் வீட்டில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ அறிவு நமக்கு அயலானதன்று. 1907-இல் இதழ் தொடங்கி நம் மக்களுக்கு எழுச்சியூட்டிய பண்டித அயோத்திதாசர் சித்த மருத்துவராகவும் விளங்கியவர். நாடி பார்த்த கையே ஏடு எழுதியது. கல்வியையும் உடல்நலத்தையும் அவர் வழிவந்த நாம் பிரித்துப் பார்க்கலாகாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் கையில் புத்தகம் கொடுத்து வந்திருக்கிறது. இனி அப்புத்தகத்தின் முன் குனியும் தலையில் புண்ணில்லாமல் பார்த்துக்கொள்வதையும் தன் கடமையாக ஏற்க வேண்டும். நம் குழந்தைகள் எழுதப் படிக்கத் தலை குனியட்டும். வெட்கத்தால் எவர் முன்னும் குனிய வேண்டாம்.