பழைய வேலிக்கால்கள்: இழுப்பதும் எடுப்பதும்



மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம் மக்களில் பலருக்குப் பிறந்த மண்ணில் இன்னமும் ஒரு துண்டு நிலம் உண்டு. அண்ணனோ சித்தப்பாவோ அதைக் கவனித்து வருகிறார். விடுமுறைக்கு ஊர் வரும்போது, நிலத்தைச் சுற்றிச் சாய்ந்து கிடக்கும் பழைய வேலி நம் கண்ணை உறுத்துகிறது. “வாடகைக்கு ஒரு டிராக்டரைச் சொன்னால் ஒரே பகலில் பிடுங்கிவிடலாம்” என்று எண்ணுகிறோம். அந்த ஒரு பகல் வேலையில் உயிருக்கும் உறவுக்கும் நேரக்கூடிய தீங்கு என்ன, அதைத் தவிர்க்கும் வழி என்ன என்பதையே இன்று எடுத்துக்கொள்வோம்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் சாலை, கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் போடிமெட்டை அடைகிறது. அங்கே தமிழ்நாடு முடிந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அடிவாரத்தில் தென்னையும் மாவும் பருத்தியும் விளைகின்றன. மலைமேல் ஏலமும் மிளகும் காப்பியும் விளைகின்றன. வேலிகளும் அவ்வாறே வேறுபடுகின்றன. சமவெளியில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருப்பார்கள். மலையில் மரக்காலும் இரும்புக்காலும் இருக்கும். முருக்கும் கிளைரிசிடியாவும் உயிர்வேலியாகத் தழைத்திருக்கும். ஆகவே, அகற்றும் முறையும் எங்கும் ஒன்றாக இருத்தல் இயலாது.

முதலில் சமவெளியைப் பார்ப்போம். 6 அடி நீளமும், பக்கத்துக்கு 5 அங்குலமும் உள்ள ஒரு கல்லுக்காலில் ஒரு கன அடிக்குச் சற்று அதிகமான கல் இருக்கிறது. அதன் எடை 75 கிலோவுக்குக் குறையாது. இந்த எடையைத் தூக்குவது டிராக்டருக்குப் பெரிதன்று. கல்லைப் பிடித்திருக்கும் மண்ணே பெரிது. காலின் தலையில் கயிற்றைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தால், புதைந்துள்ள பகுதி முழுவதும் மண்ணின் மேல் மோதி நிற்கிறது. கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலிமை மிகுதி. வளைவைத் தாங்கும் வலிமை குறைவு. ஆதலால், கால் தரைமட்டத்தில் முறிந்துவிடும். அடிப்பகுதி மண்ணுக்குள்ளேயே தங்கி, பின்னொரு நாள் கலப்பையின் கொழுவை உடைக்கும். மேல்நோக்கி எடுத்தாலோ, வந்த வழியே கால் வெளிவருகிறது. வேலிக்கால் இழுக்கும் பொருளன்று, எடுக்கும் பொருள். இதுவே இவ்வேலையின் அடிப்படை.

கல் முறிந்தால் நட்டம் சில நூறு ரூபாயோடு போகும். கல் முறியாமலும் அசையாமலும் நின்றுவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து. சங்கிலியைப் பின் அச்சிலோ அதற்கு மேலோ மாட்டி இழுக்கும்போது, கால் இடம்பெயராவிடில் பின்சக்கரங்கள் உருள இயலாமல் நின்றுவிடுகின்றன. அப்போதும் இயந்திரத்தின் விசை ஓய்வதில்லை. அது டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றி மேலே திருப்புகிறது. முன்சக்கரங்கள் எழுகின்றன, வண்டி பின்புறமாகக் கவிழ்கிறது. மீட்க முடியாத நிலையை முக்கால் விநாடியில் அடைந்துவிடும் என்பர் பொறியியலார். ஓட்டுநர் அதை உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இது பற்றியே, புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் உறுதியான சட்டகம் இருத்தல் வேண்டுமென்று சுவீடன் நாடு 1959-லேயே விதித்தது. நம் நாட்டில் அச்சட்டகம் இல்லாமல் ஓடும் டிராக்டர்கள் இன்றும் பல. அதனால் வாடகை பேசும்போதே, சட்டகமும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டியாகக் கேட்பது நலம்.

இனி, முறையைச் சொல்வோம். முதலில் முள்கம்பியை அவிழ்த்துச் சுருட்டி அப்புறப்படுத்துக. முந்தின நாள் மாலையில் ஒவ்வொரு காலின் அடியிலும் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். ஒரு மழை பெய்து ஓய்ந்த பின் தொடங்குவது இன்னும் நன்று. காலையில் கடப்பாரையால் ஒரு புறத்து மண்ணைத் தோண்டி, காலை முன்னும் பின்னும் அசைத்துக் கொடுங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இவ்வேலைக்கே சொன்னது போலும். பிறகு, காலைச் சாக்கால் சுற்றி, அதன்மேல் இரும்புச் சங்கிலியைத் தரையை ஒட்டி இறுக்குங்கள்.

டிராக்டரைப் பின்புறமாகக் கொணர்ந்து, காலுக்கு அருகே நிறுத்திப் பிரேக்கைப் பூட்ட வேண்டும். கலப்பை மாட்டும் கீழ்க்கைகளைத் தாழ்த்தி, அவற்றின் குறுக்குச் சட்டத்தில் சங்கிலியை மாட்டி, ஹைடிராலிக் விசையால் மெல்ல உயர்த்துக. வண்டி முன்னே நகர வேண்டியதே இல்லை. முன்சக்கரம் சிறிதேனும் எழக் கண்டால் உடனே தாழ்த்தி, மீண்டும் மண்ணைத் தோண்டுக. ஹைடிராலிக் பழுதாயிருந்தால் இன்னொரு வழி உண்டு. பழைய வண்டிச் சக்கரம் ஒன்றைக் காலை ஒட்டி நிமிர்த்தி வைத்து, சங்கிலியை அதன் மேலாகக் கொண்டுசென்று, பின் அச்சுக்குக் கீழே தாழ்ந்துள்ள இழுவைச் சட்டத்தில் மாட்டுங்கள். வண்டி முன்னே ஊர்ந்தாலும் கால் மேல்நோக்கியே எழும். எந்நிலையிலும், பின் அச்சுக்கு மேலே சங்கிலியை மாட்டி இழுத்தல் ஆகாது.

நைலான் கயிற்றை நம்ப வேண்டா. அது நீண்டு விசையைத் தன்னுள் சேர்த்துவைத்து, அறுந்தவுடன் சவுக்குப்போல் திரும்பி அடிக்கும். சங்கிலியின் நீளத்தைவிட அதிகமான தொலைவில் மற்றவர்கள் விலகி நிற்கட்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அடிவாரத்துக்குப் பொருந்திய இம்முறை போடிமெட்டுச் சரிவுக்குப் பொருந்தாது. சாய்ந்த நிலத்தில் டிராக்டர் பக்கவாட்டிலும் உருளும். அங்கே மூன்று கம்பங்களை முக்காலியாகக் கட்டி, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டுக் காலைத் தூக்குவதே தக்கது. வேரூன்றித் தழைத்துவிட்ட முருக்கைப் பிடுங்கவே வேண்டா. தடையாக இருப்பின் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு, வேரை விட்டுவிடுங்கள். 2018 ஆகஸ்டுப் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தில் பல இடங்களில் மலைச்சரிவு நேர்ந்தது. அத்தகைய மண்ணில் ஒவ்வொரு வேரும் ஒரு பிடிப்பு.

உயிரைப் பற்றிச் சொன்னோம். உறவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலியோடு வேலியாக நிற்கும் ஒரு கல், அரசு நட்ட எல்லைக் கல்லாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டமும், கேரளத்தில் 1961-ஆம் ஆண்டின் சட்டமும் அத்தகைய கற்களைக் காக்கின்றன. அவற்றை அகற்றுவது குற்றம். மெட்டுக்கு இருபுறமும் ஒரே குடும்பத்துக்கு நிலம் இருக்கலாம். சட்டமும் அலுவலகமும் வேறு வேறு. தமிழ்நாட்டு நிலமாயின் பட்டாவையும் புலப்படத்தையும் இணையவழியே, இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஐயமிருந்தால் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து, நில அளவையர் அளந்த பின்னரே வேலியில் கை வைப்பது முறை. அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரரையும் அழைத்து உடன் வைத்துக்கொள்க. பழைய காலைப் பிடுங்கிய குழியில் இருந்து ஒரு முழம் தள்ளிப் புதிய கால் நட்டதால் பேச்சற்றுப்போன பங்காளிகள் நம் ஊர்களில் குறைவல்லர்.

கால்களை எடுத்த அன்றே குழிகளை மூடி மிதித்துவிடுங்கள். திறந்த குழியில் இரவில் மாடு கால் ஒடியும். அறுந்த முள்கம்பித் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். புல்லுக்குள் அவை கிடந்தால் அறுப்புக்கு வருபவரின் காலைக் கிழிக்கும்.

தொலைவிலிருந்து தம்பிக்குத் தொலைபேசியில் “எல்லாவற்றையும் பிடுங்கிப் போடு” என்று சொல்வது எளிது. அதற்குப் பதிலாக மூன்று சொற்களைச் சொல்லுங்கள்: அளந்து பார், அடியைத் தளர்த்து, மேலே எடு. வேலை இரண்டு நாள் கூடுதலாகலாம். டிராக்டர் ஓட்ட வந்த பிள்ளை மாலையில் தன் வீட்டுக்கு நலமாகத் திரும்புவான். பக்கத்து நிலத்துக்காரரும் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார்.