மலைநாட்டில் விதைக் காவல்

நேயர்களே, குதிரைமசால் என்னும் தீவனப் பயிரின் ஊதாப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் கீழிதழ்களுக்குள் மகரந்தத் தாள்களும் சூலகமும் வில்லைப் போல் வளைந்து அடங்கியிருக்கின்றன. தேனீ அமர்ந்து அழுத்தியதும் அவை தெறித்தெழுந்து அதன் உடலில் மோதும். அவ்வாறு தெறித்தாலன்றிப் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. வந்த தேனீயோ, முன்னரே வேறொரு வயலின் மகரந்தத்தைப் பூசிக்கொண்டிருக்கும்! ஆகவே சான்று விதைக்காகப் பயிரிடுவோர் வேற்று இரக வயலிலிருந்து 100 மீட்டரும், ஆதார விதைக்கு 400 மீட்டரும் விலகியிருத்தல் வேண்டுமென்பது நம் நாட்டு விதி. இதனைப் பயிர் விலகு தூரம் என்பர். கம்புக்குக் காற்றே தூதுவன். கதிரில் சூல்முடி முந்தி வெளிப்பட, மகரந்தம் பிந்தி வருவதால், அயல் மகரந்தத்திற்கு அங்கே வாயில் திறந்தே கிடக்கிறது.

இந்த அளவுகோலுடன், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வல்வில் ஓரியின் கொல்லிமலைக்கு ஏறுவோம். சரிவுகளில் சிறு சிறு வயல்கள். அங்கே 400 மீட்டர் என்றால் பல குடிகளின் நிலத்தைத் தாண்டவேண்டும். ஆயினும் அம்மலை மக்கள் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, மூக்காந்தினை எனப் பல இரகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர்.

இயற்கை அவர்களுக்குத் துணை நிற்கிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வன. கேழ்வரகுக்கும் தினைக்கும் 3 மீட்டர் இடைவெளி போதும். ஒரு வரப்பும் ஒரு நடைபாதையும் அதனைத் தந்துவிடும். ஆனால் தினைக்கு உறவான காட்டுப்புல் வயலோரம் பூத்து நின்றால், அதனை முன்னரே களைந்துவிடுதல் நலம்.

என் கருத்தில், இப்பயிர்களுக்குப் பூவைவிடக் களமே பெரும்பகை. கூட்டாத களம், உதறாத சாக்கு, முன்னாண்டு மணி ஒட்டிய குதிர் ஆகியவையே கலப்பின் ஊற்று. அடித்தபின் சிறுமணிகளைப் பிரித்தறிதல் அரிது. பயிர் நிற்கும்போதோ, உயரமும் கதிர்வடிவும் பூக்கும் நாளும் கலவனைக் காட்டிக்கொடுக்கும். பிடுங்கவேண்டிய வேளை அதுவே.

மரவள்ளி பரவியதால் சிறுதானிய வயல்கள் அங்கே சுருங்கிவிட்டன. ஓர் இரகம் சில வீடுகளில் மட்டுமே எஞ்சும்போது, அங்கே கலந்துவிட்டால் மறுவிதைக்கு யாரிடம் போவது? 1988-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பின்னர் ஊர் மக்களுடன் சேர்ந்து இம்மலையில் விதை வங்கிகளை அமைத்தது. விதை பெற்றவர் அறுவடைக்குப்பின் விதையாகவே திருப்பித் தருகிறார். அதில் ஒருபிடி கலப்பு இருந்தால், அடுத்த பருவத்தில் அது பல வயல்களுக்குச் சென்றுவிடும்.