தூரிகை, நாடகம், ஆட்சிப்பீடம்



ஐரோப்பாவின் மதச் சீர்திருத்தம் என்றதும் மாட்டின் லூதர், கல்வின் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவரோ, கலையின் வாயிலாக அவ்வியக்கத்துக்குள் வந்து அரசியல்வாதியாகவும் விளங்கியவர். அவர் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரைச் சேர்ந்த நிக்லவுஸ் மானுவேல்.

அவர் முதலில் ஓவியர். 1516 ஆம் ஆண்டையொட்டி, பேர்னின் தொமினிக்கன் மடத்து மதிலில் 'மரண நடனம்' என்ற ஓவியத் தொடரைத் தீட்டத் தொடங்கினார். பாப்பரசர், பேரரசர், வணிகர், விவசாயி என எல்லோரையும் மரணம் அழைத்துச் செல்கிறது. இறுதியில், தூரிகையோடு நிற்கும் மானுவேலையும் அது நெருங்குகிறது.

1522 இல் கூலிப்படையோடு இத்தாலிக்குச் சென்ற அவர், பிக்கோக்காப் போரின் படுதோல்வியை அறிந்து திரும்பினார்.

அடுத்த ஆண்டு, தபசுகாலத்துக்கு முந்திய களியாட்ட நாட்களில், அவருடைய நாடகங்கள் பேர்ன் தெருவில் அரங்கேறின. ஒன்றில், இறந்தவருக்கான பூசைகளால் வரும் வருமானத்தை எண்ணிப் பாப்பரசரும் குருமாரும் மகிழ்கின்றனர். மற்றொன்றில், பாப்பரசரின் ஆடம்பரப் பவனியும் கழுதைமேல் வரும் இயேசுவும் எதிரெதிரே காட்டப்படுகின்றனர். இலத்தீனில் அறிஞர் நடத்திய வாதங்களை அவர் ஊர்ப் பேச்சுமொழியிற் சந்திக்குக் கொண்டுவந்தார்.

1528 ஜனவரியில் நடைபெற்ற சமய விவாதத்தையடுத்து பேர்ன் புரட்டஸ்தாந்து நெறியை ஏற்றது. அவ்வாண்டே மானுவேல் நகரின் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். கோவில்களிலிருந்து சொரூபங்களும் பீடங்களும் அகற்றப்பட்டன. ஒரு காலத்தில் பீடங்களுக்குப் படம் தீட்டியவர், அவற்றை அகற்றிய ஆட்சியில் அமர்ந்திருந்தார்! அவருடையதெனக் கருதப்படும் ஒரு கவிதையில், எரியூட்டப்படும் சொரூபங்களே பேசுகின்றன. தம்மைச் செய்த மனிதரின் குற்றங்கள் தண்டிக்கப்படாதிருக்கத் தாம் மட்டும் எரிக்கப்படுவதாக அவை முறையிடுகின்றன. தன் பக்கத்தாரையும் கேள்வி கேட்கும் குரல் அது.

1529 இல் சூரிச் நகரம் கத்தோலிக்க மாநிலங்கள்மீது படையெடுக்க முனைந்தது. பேர்னின் தூதராகச் சென்ற மானுவேல், ஈட்டியினால் விசுவாசத்தை ஊட்ட முடியாதென வாதாடினார். போர்க்களம் எத்தகையதென்று அறிந்தவரின் வாதம் அது. அவ்வாண்டு போர் மூளாமலே சமாதானம் ஏற்பட்டது.

1530 ஏப்ரலில் மானுவேல் காலமானார். அடுத்த ஆண்டே போர் வெடித்தது. சூரிச்சின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்லி களத்தில் மாண்டார். மரண நடன மதிலும் 1660 இல் இடிக்கப்பட்டது. அதன் பிரதிகளே இன்று எஞ்சியுள்ளன.

மேடையில் எதிராளியை இரக்கமின்றி எள்ளிய ஒருவர், அதிகாரம் கைக்கு வந்தபோது அதே எதிராளிமீது படை நடத்துவதைத் தடுக்க முயன்றார். அவருடைய வாழ்வில் நான் பெரிதாகக் காண்பது இதனையே.